ரியோவும் எங்கள் ஆறு மாதக் காத்திருப்பும்

2016-இல் பிரேசில் வாடிக்கையாளரைப் பார்க்கவும், அப்படியே ரியோ ஒலிம்பிக் பார்க்கவும் என் வீட்டுக்காரருக்கு வாய்ப்பு வந்தது. கோவையில் பம்ப்செட் கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவு அவருக்கு. நானும் கூடப் போவதாகத்தான் இருந்தது. குழந்தைக்காக நாங்கள் ஏங்கிக்கொண்டிருந்த நேரம் அது.

அந்தப் பிப்ரவரியில்தான் பிரேசிலில் கொசுவால் பரவிக்கொண்டிருந்த ஜிகா வைரஸ் நோயை உலக சுகாதார நிறுவனம் அவசரநிலையாக அறிவித்தது. போட்டியைத் தள்ளிவையுங்கள் என்று மே மாதம் சுமார் 150 நிபுணர்கள் கடிதம் எழுதினார்கள். தேவையில்லை என்றது நிறுவனம். கோல்ஃப் வீரர் ரோரி மெக்கில்ராய் விலகினார். டிவியில் போட்டி நடக்குமா நடக்காதா என்றே பேசினார்கள். போய்விட்டு வீடு திரும்புகிறவர் என்ன செய்யணும் என்று யாரும் வாயே திறக்கவில்லை. எனக்கு அதுதான் ஆற்றாமை.

எங்கள் டாக்டரம்மாதான் தெளிவாகச் சொன்னார். கர்ப்பத்தில் ஜிகா வந்தால் குழந்தையின் தலையும் மூளையும் சரியாக வளராமல் போகலாம். தொற்று வந்தவர்களில் பெரும்பாலானோருக்குக் காய்ச்சல்கூடத் தெரியாது. தாம்பத்யத்திலும் பரவும். "நீ போகாதேம்மா. அவர் வந்ததும் எட்டு வாரம் ஆணுறை கட்டாயம்." நான் டிக்கெட்டை ரத்து செய்தேன்.

அவர் சேரன் எக்ஸ்பிரஸ் ஏறி, கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு வந்தார். அது ஜிகாவுக்கான ஊசியில்லை. ஜிகாவுக்கு ஊசியே கிடையாது. ஆனால் பிரேசிலிலிருந்து திரும்பும்போது, ஊசி போட்டதற்குச் சான்றான மஞ்சள் அட்டை இல்லாவிட்டால் ஏர்போர்ட்டிலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும் என்பதால் முன்கூட்டியே போட வேண்டும்.

ஆகஸ்ட் கடைசியில் நல்லபடியாகத் திரும்பினார். மூன்று வாரம் பகலிலும் முழுக்கைச் சட்டை, உடம்பில் கொசு மருந்து. ஜிகாவைப் பரப்புவதும் நம்ம ஊர் டெங்குக் கொசுவான ஏடிஸ்தானே; அவரைக் கடித்த கொசு பக்கத்து வீட்டுக் கர்ப்பிணியைக் கடித்தால்? எங்கள் தெருவில் தண்ணி தினமும் வராது, வீட்டுக்கு வீடு டிரம்தான். வாரம் ஒருநாள் டிரம்மைக் கவிழ்த்து, உள்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்ப்பேன். தண்ணியை மட்டும் கொட்டினால் போதாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கரும்புள்ளியாக ஒட்டியிருக்கும் முட்டை, காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தண்ணி பட்டதும் பொரிந்துவிடும்.

செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை மாறியது. அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், எட்டு வாரத்துக்குப் பதில் ஆறு மாதம் ஆணுறை. அன்று ராத்திரி அழுதேன்.

இடையில் நோம்பி, சீர் எங்கே போனாலும் ஒரே கேள்வி. "ஏங் கண்ணு, விசேஷம் ஏதாச்சு உண்டா?" அத்தை கேட்டபோது மறைக்காமல் சொன்னேன். "கொசுக்கடிக்கு எதுக்குக் கண்ணு இத்தனை மாசம்?" என்றார். அடுத்த தடவை டாக்டரம்மாவிடம் அவரையும் கூட்டிப்போனேன். எல்லாம் கேட்டுவிட்டு, "நீ வெசனப்படாதே, கேக்கறவங்களுக்கு நாஞ் சொல்லிக்கறேன்" என்றார். சொன்னபடியே செய்தார். எவ்வளவு பெரிய பாரம் அன்றைக்கு இறங்கியது!

ரியோ சென்று வந்த விளையாட்டு வீரர்கள், பார்வையாளர்கள் யாருக்கும் ஜிகா உறுதியானதாகத் தகவல் வரவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் பின்னர் சொன்னது. பிப்ரவரியோடு எங்கள் கெடு முடிந்தது.

2021-இல் கேரளாவில் ஜிகா வந்தபோது, திருவனந்தபுரம் போய்வந்த தங்கை கணவரைப் பற்றித் தங்கை என்னிடம்தான் கேட்டாள். அதற்குள் இந்தக் காத்திருப்பை, போய்வந்த ஆண்களுக்கு மூன்று மாதம், பெண்களுக்கு இரண்டு மாதம் என்று குறைத்திருந்தார்கள். அதைச் சொல்லி, டாக்டரம்மா நம்பரையும் கொடுத்தேன்.