மெக்ஸிகோ போக மினிபஸ் ஏறலாம்: அடிஸ் அபாபாவில் வழி கேட்பது எப்படி

எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் பேசும் அம்ஹாரிக்கைச் சொல்லித்தரும் கையேடுகள் மேல்தான் முதல் கோபம். ‘இபாக்கிஹ்’ என்றால் தயவுசெய்து என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது ஆணுக்கு மட்டும்! பெண்ணிடம் ‘இபாக்கிஷ்’, பெரியவரிடம் ‘இபாக்வோ’. நீ, நீங்க பழகிய நமக்கு மரியாதை விகுதி பெரிய விஷயமில்லை. எதிரே நிற்பவர் ஆணா பெண்ணா என்று பார்த்து வினையை மாற்றுவதில்தான் நாம் கவிழ்கிறோம். ‘எனக்குக் கொடு’ என்பது ஆணிடம் ஸிதெஞ், பெண்ணிடம் ஸிச்சிஞ், பெரியவரிடம் யிஸ்துஞ்.

குழப்பமாக இருந்தால் ‘அலெ’யைப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘வுஹா அலெ?’ அப்படியே நம்ம ‘தண்ணி இருக்கா?’தான். இல்லையென்றால் ‘யெல்லெம்’. ஆண், பெண் தொல்லையே கிடையாது. நீல வெள்ளை மினிபஸ்ஸில் இறங்கவும் இதே சொல்தான்: ‘வெராஜ் அலெ!’, இறங்க ஆள் இருக்கு. முணுமுணுத்தால் அடுத்த நிறுத்தம்தான். வெயாலா (கண்டக்டர்) கேட்கும் காசில் சந்தேகமா? பக்கத்து ஆள் எவ்வளவு நீட்டுகிறார் என்று பாருங்கள். தனி டாக்ஸி என்றால் ஏறும் முன்பே ‘ஸிந்த் நெவ்?’ (எவ்வளவு). தொகை எகிறினால் ‘வுத் நெவ், தினிஷ் கெனிஸ்’: அதிகம், கொஞ்சம் குறை. ஏறி உட்கார்ந்தபின் பேரம் பேசுவது வீண்.

தெருப் பெயர் சொல்லி வழி கேட்டால் பெரும்பாலும் உதடு பிதுக்கல்தான். பியாசா, அராத் கிலோ, மெக்ஸிகோ என்று அடையாள இடம் சொல்லுங்கள். மெக்ஸிகோ அங்கே ஒரு சதுக்கம், யாரும் சிரிக்கமாட்டார்கள். ‘ஸ்டேடியம் யெத் நெவ்?’ என்பதில் சொல் வரிசைகூட ‘ஸ்டேடியம் எங்கே இருக்கு’தான். பதிலில் மூன்று சொல் பிடிபட்டால் போதும்: கெத்திதா நேரே, கெஞ் வலம், கிரா இடம். கெஞ்சின் ‘க’ தொண்டையில் அடைத்து வெடிக்கும். கிராவின் ‘க’ தங்கத்தில் வருவது. ‘இந்த வழியா?’ என்று மட்டும் கேட்காதீர்கள், தெரியாதவரும் ஆமாம் போட்டுவிடுவார். அந்த ஆமாம் சிலசமயம் ‘ஹக்’ என்று மூச்சை உள்ளிழுக்கும் சத்தமாகவே வரும். பயந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம்.

பர்ஸைக் கடிப்பது கடிகாரம். அவர்களுக்குப் பகல் கணக்கு காலை 6-இல், இரவுக் கணக்கு மாலை 6-இல் தொடங்குகிறது. டிரைவர் சொல்லும் ‘ஹுலெத் செஆத்’, 2 மணி, நம் காலை 8. வெளியூர் பஸ் 11 மணிக்கு என்றால் விடிகாலை 5! டிக்கெட் வாங்கும்போதே ஹபெஷா (உள்ளூர்) நேரமா, ஃபெரெஞ்ச் (வெளிநாட்டவர்) நேரமா என்று கேட்டுவிடுங்கள்.