எச்சிபிசி பதிவு: ரேடியோகிராபர் விண்ணப்பம் தாளில் இடறும் இடங்கள்

பிரிட்டனில் ‘ரேடியோகிராபர்’ என்பது சட்டம் காக்கும் பெயர். எச்சிபிசி என்ற ஒழுங்குமுறை மன்றத்தின் பதிவேட்டில் பெயர் ஏறாதவர் அப்படிச் சொல்லிக்கொண்டு வேலை பார்த்தால் குற்றம். தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் பலர் இதை வளைகுடா நாட்டு லைசென்ஸ் போலவே நினைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறார்கள். அங்கே டேட்டாஃப்ளோ சரிபார்ப்பு, பிறகு கணினியில் ஒரு தேர்வு, பாஸ் ஆனால் முடிந்தது. பிரிட்டனில் முதல் கட்டத்தில் தேர்வே கிடையாது. அதே தொழிலைச் சேர்ந்த மதிப்பீட்டாளர்கள் உங்கள் படிப்பையும் அனுபவத்தையும் தாளில் படித்து, தங்கள் தகுதித் தரப் பட்டியலோடு வரிக்கு வரி ஒப்பிடுவார்கள். டேட்டாஃப்ளோ கேட்பது ‘இந்தச் சான்றிதழ் உண்மையா’ என்பது. எச்சிபிசி கேட்பது ‘அந்தப் படிப்பில் என்ன இருந்தது’ என்பது. கேள்வி மாறியதைக் கவனிக்காமல் பழைய கோப்பையே அனுப்புவதால்தான் பல விண்ணப்பங்கள் திரும்பத் திரும்ப விளக்கம் கேட்கப்பட்டு இழுபடுகின்றன. பரிசீலனைக் கட்டணம் திரும்பி வராது என்பதால் கோப்பு முழுமையான பிறகே பணம் கட்டுங்கள்.

முதலில் பிரிவைத் தெரிவு செய்ய வேண்டும்: டயக்னாஸ்டிக்கா (படமெடுத்து நோயறிதல்), தெரபியூடிக்கா (கதிர்வீச்சு சிகிச்சை). பிரிட்டன் இரண்டையும் தனித்தனிப் படிப்பாகவே வைத்திருக்கிறது. பிரான்சில் ஒரே படிப்பு முடித்தவர் எக்ஸ்ரே, அணு மருத்துவம், கதிர்வீச்சு சிகிச்சை மூன்றிலும் வேலை செய்யலாம். நம் ஊரில் பி.எஸ்சி. ரேடியோகிராபி அண்ட் இமேஜிங் டெக்னாலஜி படித்தவருக்கு டயக்னாஸ்டிக்தான் பொருந்தும். சிலபஸில் ரேடியோதெரபிக்கு ஒரு தாள் இருந்தது என்பதற்காக அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அடுத்தது பாட விவரப் படிவம். கோப்பின் உயிர்நாடி இதுதான். கல்லூரி நிரப்பி, கையொப்பமிட்டு, முத்திரை குத்தித் தர வேண்டும். அலுவலகத்தில் கொடுத்தால், ‘பல்கலைக்கழக சிலபஸ்படி’ என்று ஒரே வரியில் எழுதி முத்திரை வைத்துவிடுவார்கள். அது வெற்றுத் தாளுக்குச் சமம். மதிப்பீட்டாளர் தேடுவது ஒவ்வொரு பாடத்திலும் என்ன கற்பிக்கப்பட்டது, வகுப்பு எத்தனை மணி, செய்முறை எத்தனை மணி, மருத்துவமனையில் பயிற்சி பெறும் கிளினிக்கல் போஸ்டிங் எத்தனை மணி, எப்படித் தேர்வு வைத்தார்கள் என்பதை. எனவே படிவத்தை அலுவலகத்தில் விட்டுவிட்டு வராமல் துறைத் தலைவரிடம் நேரில் கொடுங்கள். கூடவே நீங்கள் சேர்ந்த வருடத்துக்குரிய சிலபஸ் பிரதியையும் கொடுங்கள். பல்கலைக்கழக இணையதளத்தில் இப்போது இருப்பது பெரும்பாலும் புதிய விதிமுறை. 2012-ல் சேர்ந்தவர் 2020-க்குப் பிந்தைய சிலபஸை இணைத்தால் மார்க்‌ஷீட்டிலுள்ள தாள்களின் பெயரே பொருந்தாது. சந்தேகம் அங்கிருந்தே தொடங்கும். பழைய பிரதி துறை நூலகத்திலோ, அப்போதைய ஆசிரியரிடமோ கிடைக்கும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் கழுத்தறுப்பது: படிவத்தில் தரும் கல்லூரி மின்னஞ்சல். நம் கல்லூரிகளில் துறைத் தலைவர்கூட ஜிமெயில்தான் வைத்திருப்பார். சரிபார்ப்புக்கு எழுதுகிறவருக்கு அது கல்லூரியின் முகவரியாகத் தெரியாது. கல்லூரியின் அதிகாரபூர்வ முகவரியை வாங்குங்கள். அந்தப் பெட்டியைத் தினமும் யார் திறக்கிறார்கள் என்றும் கேட்டு வையுங்கள். பதில் போகாமல் மாதக்கணக்கில் கிடக்கும் விண்ணப்பங்களில் பெரும்பாலும் குறை இதுதான்.

மணிக்கணக்கு தனிக் கதை. பிரிட்டனில் ஒரு ஆனர்ஸ் பட்டம் 360 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி என்று வைத்து மொத்தம் 3600. ஐரோப்பியக் கிரெடிட் முறையில் மூன்றாண்டுப் பட்டம் 180. ஒரு கிரெடிட் 25 முதல் 30 மணி, ஆக 4500 முதல் 5400. இந்தியாவின் 2021-ஆம் ஆண்டு துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில் ஆணையச் சட்டம் ‘ஹெல்த்கேர் புரொஃபஷனல்’ என்ற வகைக்குக் குறைந்தது 3600 மணியும், ‘அலைட் ஹெல்த் புரொஃபஷனல்’ என்ற வகைக்குக் குறைந்தது 2000 மணியும் வைத்திருக்கிறது. பிரிட்டன் 3600, நம் சட்டத்திலும் 3600 என்று பார்த்ததும் மகிழ்ந்துவிடக் கூடாது. பிரிட்டன் கணக்கில் மாணவர் வீட்டில் உட்கார்ந்து படிக்கும் நேரமும், கட்டுரை எழுதும் நேரமும் அடக்கம். நம் சிலபஸில் அச்சாகியிருப்பது வகுப்பறையும் செய்முறையும் போஸ்டிங்கும் மட்டும். எண் ஒன்று, அளவுகோல் வேறு. அதனால் கிரெடிட்டாக நீங்களே மாற்றி எழுதாதீர்கள். எந்த வகை மணி, எத்தனை என்று பிரித்து உள்ளபடியே காட்டச் சொல்லுங்கள். மாற்றிக் கணக்கிடுவது அவர்கள் வேலை.

இந்த மணிக்கணக்கில் நம்மவர்கள் கைவிடும் பெரும் பங்கு இன்டர்ன்ஷிப். மார்க்‌ஷீட்டில் அதற்கு மதிப்பெண் இல்லை என்பதால் படிவத்தில் சேர்க்காமலே விட்டுவிடுவார்கள். வாரம் 6 நாள், நாளுக்கு 8 மணி, விடுப்பு போக 48 வாரம் என்று வைத்தாலே 2304 மணி. கிளினிக்கல் பயிற்சி குறைவு என்ற கேள்வியை இது ஒன்றே அடைத்துவிடும். ஆனால் ‘ஓராண்டு இன்டர்ன்ஷிப் முடித்தார்’ என்ற ஒற்றை வரிச் சான்றிதழ் போதாது. பொது எக்ஸ்ரே எத்தனை வாரம், ஃப்ளூரோஸ்கோபி, சிடி, எம்ஆர்ஐ, தியேட்டரில் சி-ஆர்ம், வார்டிலும் ஐசியுவிலும் போர்ட்டபிள் எத்தனை வாரம் என்று சுழற்சி விவரத்தோடு ஒரு கடிதம் வேண்டும். லாக்‌புக் வைத்திருப்பவர் தப்பித்தார்.

டிஆர்டிடி போன்ற இரண்டாண்டு டிப்ளமோ படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. டிப்ளமோ என்பதால் மட்டும் கதவு மூடாது; படிப்புக்குப் பிந்தைய அனுபவமும் சேர்த்தே எடைபோடப்படும். ஆனால் இடைவெளியை அனுபவச் சான்றுகளாலேயே அடைக்க வேண்டியிருப்பதால், கோப்பு பட்டதாரியுடையதைவிடத் தடிமனாக இருக்கும்.

இனி உள்ளடக்கம். மதிப்பீட்டாளர் எங்கே நிறுத்திக் கேட்பார் என்பது ஏறக்குறைய முன்கூட்டியே தெரிந்த விஷயம்.

முதலாவது, எக்ஸ்போஷரை, அதாவது நோயாளியைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்துவதை, நியாயப்படுத்துதல். பிரிட்டனின் 2017-ஆம் ஆண்டு மருத்துவக் கதிர்வீச்சு விதிகள் நான்கு பொறுப்புகளைப் பிரிக்கின்றன: வேலை வழங்குபவர், பரிந்துரைப்பவர், அனுமதிப்பவர், இயக்குபவர். ரேடியோகிராபர் இயக்குபவராக இருப்பார். நிறுவனம் உரிமை கொடுத்தால் அனுமதிப்பவராகவும் இருப்பார். அதாவது ‘இந்தப் படம் இந்த நோயாளிக்குத் தேவைதானா’ என்ற கேள்விக்குச் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியவர். நம் டிபார்ட்மென்ட்டில் டாக்டர் சீட்டு எழுதினால் எடுத்துவிடுவதே வழக்கம் என்று மதிப்பீட்டாளர்கள் ஏற்கெனவே ஊகித்து வைத்திருப்பார்கள். உண்மையில் நாமும் தினமும் சரிபார்க்கிறோம், ஆனால் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கவில்லை. சீட்டில் இடது, வலது மாறியிருந்தால் திருப்பி அனுப்புவது, போன வாரப் படமே இருக்கிறதா என்று படங்களைச் சேமிக்கும் கணினி அமைப்பான பேக்ஸில் பார்ப்பது, கடைசி மாதவிலக்குத் தேதி கேட்டு எழுதுவது, கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தும் முன் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் அளவைப் பார்ப்பது: இவை எல்லாம் அந்தத் தலைப்பின் கீழ் வருபவை. வேலை விவரத்தில் அப்படியே எழுதுங்கள். மேலாளர் கடிதமும் இவற்றையே உறுதிசெய்ய வேண்டும்.

இரண்டாவது, படத்தைப் பார்த்து அவசரத்தை உணர்தல். ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜிஸ்ட். ‘டெக்னீஷியன் வாயைத் திறக்கக் கூடாது’ என்றே இங்கே பழக்கியிருக்கிறார்கள். எச்சிபிசியின் தரப் பட்டியலோ, எதிர்பாராத, உயிருக்கு ஆபத்தான மாற்றத்தை ரேடியோகிராபர் கண்டறிந்து, உடனே பரிந்துரைத்தவருக்கு உதவ வேண்டும் என்கிறது. டென்ஷன் நியூமோதொராக்ஸ், மூளைக்குள் ரத்தக்கசிவு, உதரவிதானத்துக்குக் கீழே காற்று போன்றவற்றைப் பார்த்ததும் உங்கள் மருத்துவமனையில் யாரிடம், எப்படித் தெரிவிக்கும் முறை இருந்தது என்று எழுதினால் போதும். ரிப்போர்ட் எழுதியதாக அளக்க வேண்டாம்.

மூன்றாவது அல்ட்ராசவுண்ட், இதில்தான் ஆள் மாட்டுகிறது. பிரிட்டனில் ஸ்கேன் பார்க்கும் சோனோகிராபர்களில் பெரும்பாலோர் ரேடியோகிராபர்களாக இருந்து வந்தவர்கள். இங்கே கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டு பிசிபிஎன்டிடி சட்டத்தால் அந்தக் கருவி பதிவுபெற்ற மையத்தில், தகுதிபெற்ற மருத்துவர் கையில் மட்டும். படிவத்தில் அந்தக் கட்டம் காலியாகத் தெரிகிறதே என்று ‘அல்ட்ராசவுண்ட் செய்துள்ளேன்’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தகுதியைக் காட்டுவதல்ல, சட்டமீறலுக்கு நீங்களே கொடுக்கும் வாக்குமூலம். சிலபஸில் கோட்பாடு எத்தனை மணி, உதவியாளராக நின்று என்ன கற்றீர்கள், செய்முறை ஏன் இல்லை என்பதைச் சட்டத்தின் பெயரோடு இரண்டு வரியில் விளக்குங்கள்.

கதிர்வீச்சுப் பாதுகாப்பில் நம் படிப்பு வலுவானது, பக்கங்களை அங்கே வீணாக்க வேண்டாம். ஒரு வேறுபாட்டை மட்டும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பணியாளர் பெறும் கதிர்வீச்சுக்கு இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமான ஏஇஆர்பி வைத்த வரம்பு ஐந்தாண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓராண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பிரிட்டனில் ஆண்டுக்கு 20. பணியாளர் மேல் படும் கதிர்வீச்சை அளக்கும் டிஎல்டி பேட்ஜுக்குக் காலாண்டுக்கு ஒருமுறை வரும் அறிக்கைகளில் உங்களுடையதை வாங்கி வைத்திருந்தால், நீங்கள் அந்தத் துறையில் தொடர்ந்து வேலை செய்தீர்கள் என்பதற்கே அது சாட்சி. வேலைச் சான்றிதழ் தர மறுக்கும் தனியார் ஸ்கேன் சென்டர்கள் உண்டு; அப்போது இந்தத் தாளின் அருமை தெரியும்.

வேலைச் சான்றிதழிலும் நம் வழக்கம் உதவாது. ‘இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பணிபுரிந்தார், நன்னடத்தை உடையவர்’ என்பதில் அவர்களுக்கு ஒன்றும் இல்லை. என்ன கருவிகள், என்னென்ன பரிசோதனைகள், குழந்தைகள், விபத்துக் காயம், தீவிர சிகிச்சை என எந்த வகை நோயாளிகள், தனியாகவா மேற்பார்வையிலா என்பது வேண்டும். இடையில் தொழிலை விட்டிருந்தால் மறைக்காதீர்கள். எச்சிபிசி கணக்கில் 2 முதல் 5 ஆண்டு இடைவெளிக்கு 30 நாளும், 5 ஆண்டுக்கு மேல் 60 நாளும் திறன் புதுப்பிப்பு தேவைப்படும்.

பெயர். தமிழர்களுக்கே உரிய தொல்லை. சான்றிதழில் ‘மு. செல்வி’, பாஸ்போர்ட்டில் செல்வி முருகேசன், திருமணத்துக்குப் பின் ஆதாரில் கணவர் பெயர். இனிஷியல் என்றால் அப்பா பெயரின் முதலெழுத்து என்பதே வெளியே யாருக்கும் தெரியாது. மூன்றும் ஒரே ஆள் என்று நோட்டரி அஃபிடவிட் ஒன்றை ஆரம்பத்திலேயே இணையுங்கள். எழுத்துக்கூட்டலே வேறு என்றால் அரசிதழில் பெயர்மாற்றம் செய்துவிடுவது நல்லது. ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸைப் பாஸ்போர்ட் பெயரிலேயே எழுதுங்கள். ரேடியோகிராபருக்கு அகடமிக் பிரிவில் மொத்தம் 7.0, எந்தப் பகுதியும் 6.5-க்குக் குறையக் கூடாது. பெரும்பாலும் எழுத்துப் பகுதியில்தான் சறுக்கும். மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும் என்பதால், கல்லூரிப் படிவம் கைக்கு வந்த பிறகு எழுதுவதே புத்திசாலித்தனம். முதலில் ஐஇஎல்டிஎஸ் முடித்துவிட்டுப் படிவத்துக்கு அலைந்து, மதிப்பெண் காலாவதியாகி மறுபடி எழுதியவர்கள் ஏராளம்.

முடிவு வரும்போது நான்கில் ஒன்றாக இருக்கும்: பதிவு, கூடுதல் விவரம், திறன் தேர்வு, மறுப்பு. கூடுதல் விவரம் கேட்டால் அது பாதி வெற்றி. எந்தத் தரம் நிரூபணமாகவில்லை என்று குறிப்பிட்டே கேட்பார்கள். அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், கோப்பை முழுக்க மறுபடி அனுப்பாதீர்கள். மறுப்பு என்றால் காரணம் எழுதித் தருவார்கள், 28 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தை நினைப்பவர்களுக்கு: அங்கே ஒரே பட்டம் எங்கும் செல்லும் என்பது மருத்துவர், செவிலியர், மகப்பேறு செவிலியர், பல் மருத்துவர், மருந்தாளுநர், கால்நடை மருத்துவர், கட்டடக் கலைஞர் ஆகிய ஏழு தொழில்களுக்குத்தான். ரேடியோகிராபர் அதில் இல்லை. 2005/36 என்ற ஆணையின் பொது முறையில், ஒவ்வொரு நாடும் படிப்புகளை ஒப்பிட்டு, கணிசமான வேறுபாடு இருந்தால் பழகுகாலமோ (மேற்பார்வையில் வேலை செய்யும் காலம்) திறன் தேர்வோ விதிக்கலாம். பழகுகாலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. ரேடியோகிராபர் சங்கங்களின் ஐரோப்பியக் கூட்டமைப்பு, ஐரோப்பியத் தகுதிச் சட்டகத்தில் இளங்கலைக்கு இணையான ஆறாம் நிலையில் ஒரு பொது அளவுகோல் ஆவணத்தை வெளியிட்டு, 2018-ல் திருத்தியது. நல்ல ஆவணம், ஆனால் சட்டம் அல்ல. ஜெர்மனியில் இத்தொழில் இன்னும் பட்டப்படிப்பு இல்லாமல் மூன்றாண்டுத் தொழிற்பள்ளிப் பயிற்சியாகவே பெரும்பாலும் நடக்கிறது. 2005/36 ஆணைக்கு 2013-ல் வந்த திருத்தம், மூன்றில் ஒரு பங்கு உறுப்பு நாடுகளில் பொருந்தும் பொதுப் பயிற்சிச் சட்டகம் என்ற வழியைத் திறந்து வைத்தது. பள்ளியும் பல்கலைக்கழகமும் இப்படிப் பிரிந்து நிற்கும்வரை அந்த வழியில் நடப்பது கடினம் என்பதே எங்கள் கணிப்பு. நமக்குப் பயன்படும் ஒரு விதி உண்டு: ஒரு உறுப்பு நாடு உங்கள் இந்தியப் பட்டத்தை ஏற்று, அங்கே மூன்றாண்டு வேலையும் பார்த்துவிட்டால், அடுத்த உறுப்பு நாட்டில் அது ஐரோப்பியத் தகுதி போலவே நடத்தப்படும். எனவே முதலில் எந்த நாட்டில் இறங்குகிறோம் என்பது சம்பளக் கணக்கை மட்டும் வைத்து முடிவு செய்வதல்ல.

பிரிட்டனில் பதிவு கிடைத்ததும் கோப்பைப் பரணில் போட்டுவிடாதீர்கள். பதிவு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். அப்போது 2.5 சதவீதம் பேரைத் தேர்ந்தெடுத்து, தொடர்கல்விக் குறிப்புகளைக் கேட்பார்கள். எந்தத் தேதியில் என்ன கற்றீர்கள், அதனால் நோயாளிக்கு என்ன பயன் என்று எழுதி வைத்த நோட்டுதான் அப்போது தேவைப்படும். முதல் வேலைநாளிலிருந்தே அதைத் தொடங்குங்கள்.