ஸ்டியரிங்கில் இரண்டு சத்தம், ஒரு வாரன்டி

41,200 கி.மீ.

வால்பாறை போகிற வழியில், ஆழியாறு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும்தான் முதன்முதலாகக் காதில் விழுந்தது. அங்கே நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஸ்டியரிங்கை நன்றாக ஒடித்தால் இடது முன்பக்கத்திலிருந்து 'டங்'. நேராக்கும்போது மறுபடியும் 'டங்'. நான்காவது வளைவில் மனைவி பாட்டை நிறுத்திவிட்டு, "என்னங்க அது, கல்லு மாட்டியிருக்கா?" என்று கேட்டாள். கல் இல்லை. அட்டகட்டியில் இறங்கிக் குனிந்து பார்த்தேன். டயர், சக்கரத்துக்கு மேலே உட்புறம் இருக்கும் பிளாஸ்டிக் லைனர், கீழே தொங்கும் பாகம் எதிலும் ஒன்றும் தெரியவில்லை.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 2021இல் வாங்கிய பெட்ரோல் ஹேட்ச்பேக். ஸ்டியரிங் எலெக்ட்ரிக், மோட்டார் டாஷ்போர்டுக்கு அடியில், ஸ்டியரிங் காலத்திலேயே (ஸ்டியரிங் வீலைத் தாங்கும் தண்டுப் பகுதியில்) இருக்கிறது. கம்பெனி வாரன்டி முடிந்த பிறகு ஐந்தாம் ஆண்டு வரை நீட்டிப்பு வாரன்டி எடுத்திருக்கிறேன். 36,000 கி.மீ.யில் இரண்டு மாற்றங்கள் செய்தேன். ஒன்று, வண்டியை 30 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங். இன்னொன்று, 15 அங்குலச் சக்கரத்துக்குப் பதில் 16 அங்குல அலாய். டயர் 185/65 ஆர்15இலிருந்து 195/55 ஆர்16 ஆனது. கணக்குப் போட்டால் பழைய டயரின் விட்டம் 621.5 மி.மீ., புதியது 620.9. அதனால் ஸ்பீடோமீட்டர் ஏமாற்றாது. ஆனால் அலாயின் ஆஃப்செட் (சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து போல்ட் மாட்டும் முகம் வரை உள்ள தூரம்) 45 மி.மீ.யிலிருந்து 38க்கு வந்ததால் சக்கரம் 7 மி.மீ. வெளியே தள்ளி நிற்கிறது. அந்த 7 மி.மீ. ஸ்டியரிங்கின் மேல் விழும் சுமையைக் கொஞ்சம் கூட்டும். இது எனக்குத் தெரிந்தேதான் செய்தேன்.

41,350 கி.மீ.

அவசரப்பட்டேன். ஸ்பிரிங் போட்ட கடையிலேயே காட்டினேன். "லிங்க் ராட் போயிருக்கும் சார், தாழ்த்துன வண்டிக்கு இது சகஜம்" என்றார்கள். வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியை இரு பக்கமும் இணைக்கும் சின்னத் தண்டுதான் லிங்க் ராட். இரண்டு பக்கமும் மாற்றினேன், 2,600 ரூபாய். பழைய லிங்க் ராடில் லேசாக ஆட்டம் இருந்தது உண்மை. ஆனால் மலைப்பாதையில் கேட்ட சத்தம் அப்படியே இருந்தது.

லிங்க் ராட் மேல் சந்தேகம் வந்தால் பாகம் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றி, உரசாதபடி கட்டி வைத்துவிட்டு, காலி இடத்தில் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். வளைவில் வண்டி கூடுதலாகச் சாயும் என்பதால் வேகம் கூடாது. அப்போதும் சத்தம் வந்தால் லிங்க் காரணமில்லை. அரை மணி நேர வேலை. இதை எனக்குச் சொன்னது சிங்காநல்லூர்ப் பக்கம் சின்ன ஷெட் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக் அண்ணன். முப்பது வருடமாக அடிவண்டி வேலைதான் பார்க்கிறார்.

அவர் வண்டியில் ஏறவே இல்லை. என்னை ஓட்டச் சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கத்தில் கூடவே நடந்து வந்தார். அப்புறம் ஒரு ஸ்பீட் பிரேக்கர் மேல் ஏற்றி இறக்கச் சொன்னார். கடைசியில், "தம்பி, நீங்க ஒரு சத்தம்னு நெனச்சுட்டு இருக்கீங்க. ரெண்டு இருக்குதுங்க. ஒண்ணு டங்குங்குது, ஒண்ணு டொக்குங்குது" என்றார்.

அதற்கு முன்னால் 'டொக்' என் காதில் தனியாக விழுந்ததே இல்லை. அவர் சொன்ன பிறகு வேறெதுவும் விழவில்லை.

சத்தம் எப்போது வருகிறது என்பதுதான் முதல் துப்பு என்பது அவர் முறை. வண்டி நகராமல் நிற்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினாலே வந்தால் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) பேரிங், ஸ்பிரிங், ஸ்டியரிங் ஷாஃப்ட் பக்கம் பார்க்க வேண்டும். முழுக்க ஒடித்துக்கொண்டு நகரும்போது மட்டும் 'கட கட' என்று சக்கரத்தின் சுற்றுக்கு ஏற்ப வந்தால் ஆக்சிலின் வெளி ஜாயின்ட். நேராகப் போகையில் சின்னக் குழிகளில் வந்தால் லிங்க் ராட், லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் கையின் ரப்பர் இணைப்பு), அந்தக் கையின் முனையில் உள்ள பால் ஜாயின்ட், ஸ்டியரிங் திருப்பலைச் சக்கரங்களுக்குக் கடத்தும் ராக். ஸ்டியரிங் வீலுக்குள்ளேயே துணி உரசுவதுபோல் 'சர சர' என்றால் ஏர்பேக் வயர் சுருள்; அதை நாம் தொடவே கூடாது. ஹைட்ராலிக் ஸ்டியரிங் வண்டியில் 'ஊ...ங்' என்று முனகினால் முதலில் ஆயில் அளவைப் பார்க்கணும். என் வண்டியில் ஆயிலே கிடையாது, அதனால் அந்தக் கதை இல்லை.

41,400 கி.மீ. ஞாயிறு.

முதலில் டங். வண்டியை நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, தம்பியை ஸ்டியரிங்கில் உட்கார வைத்தேன். பார்க்கிங்கில் செய்வதுபோல் மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பச் சொன்னேன். நான் சக்கரத்துக்கு மேல் கையை விட்டு, விரல் நசுங்காத இடத்தில், ஸ்பிரிங்கின் மேல் சுற்றை உள்ளங்கையால் தொட்டுக்கொண்டிருந்தேன். வலது பக்கம் ஸ்பிரிங் வழுக்கிக்கொண்டு சீராகத் திரும்பியது. இடது பக்கம் அப்படி இல்லை. திரும்பாமல் முறுக்கிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் கைக்குள் துள்ளியது. துள்ளிய அதே நொடியில் டங்.

ஸ்ட்ரட்டின் தலையில் ஒரு பேரிங் இருக்கிறது. ஸ்டியரிங் திரும்பும்போது ஸ்பிரிங்கும் சேர்ந்து திரும்ப அதுதான் வழி. அது இறுகினால் ஸ்பிரிங் முறுக்கேறி, தாங்காதபோது விடுபடும். அண்ணன் ஷெட்டில் ஸ்ட்ரட்டைக் கழற்றினோம். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியை வீட்டில் வைத்துப் பழகாதீர்கள். அது நழுவினால் எலும்பு மிஞ்சாது. உள்ளே பார்த்தால் பேரிங்கில் மண் புகுந்து, கையால் சுற்றினால் கரகரத்தது. அதைவிட முக்கியமாக, ஸ்பிரிங்கின் கீழ் முனை அதன் இருக்கையில் உள்ள தடுப்பில் முட்டி நிற்க வேண்டும். எனக்கு இரண்டு விரல் அகலம் தள்ளி உட்கார்ந்திருந்தது. அடியில் இருந்த ரப்பர் கிழிந்து, இருக்கையில் பெயின்ட் போய்ப் பளபளவென்று தேய்ந்திருந்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கியிருக்கிறார்கள். அப்படி இறுக்கினால் வண்டி தரையில் இறங்கியதும் உள்ளே உள்ள ரப்பர் நாள் முழுக்க முறுக்கிக்கொண்டே இருக்கும். சக்கரம் எடையைத் தாங்கி நிற்கும் நிலையில்தான் கடைசி இறுக்கு கொடுக்கணும். தாழ்த்திய வண்டிக்கு இது இன்னும் அவசியம், ஏனென்றால் ஆர்ம் நிற்கும் கோணமே மாறிவிட்டது.

ஆக, டங் என் மாற்றத்தால் வந்தது. இதற்கு யாரிடமும் வாரன்டி கேட்க எனக்கு உரிமையில்லை. இரண்டு பக்கப் பேரிங், ரப்பர், கூலி, அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 5,400 ரூபாய், என் பையிலிருந்து.

டொக் அப்போதும் இருந்தது.

முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்ட் வைத்துவிட்டு, சக்கரத்தைப் பக்கவாட்டில் இரு கையாலும் பிடித்து ஆட்டினேன். அதில் பிளே (தளர்வு) இருந்தால் ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட் அல்லது ராக். இல்லை. மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். அதில் இருந்தால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். அதுவும் இல்லை. பிறகு உள்ளே வந்து, பெடல்களுக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, படுத்துக்கொண்டு, ஸ்டியரிங் காலத்தையும் ராக்கையும் இணைக்கும் ஷாஃப்ட்டைக் கையால் பிடித்தேன். தம்பி ஸ்டியரிங்கைக் கடிகார முள் இரண்டு நிமிடம் நகரும் அளவுக்கு மட்டும் இங்கும் அங்கும் அசைத்தான். உள்ளங்கையில் டொக், டொக். ஷாஃப்ட்டின் கீழ் யூ.ஜே. (இரண்டு தண்டுகளைக் கோணத்தில் இணைக்கும் யூனிவர்சல் ஜாயின்ட்) கிராஸில், மேல் பாதி நகர்ந்த பிறகு மயிரிழை தாமதித்துத்தான் கீழ் பாதி நகர்கிறது. போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருந்தது. ஷாஃப்ட்டை மட்டும் கழற்றவில்லை. கழற்றிய நிலையில் யாராவது ஸ்டியரிங்கைச் சுற்றிவிட்டால் ஏர்பேக் வயர் சுருள் அறுந்துவிடும்.

41,700 கி.மீ. சர்வீஸ் சென்டர்.

அட்வைசர் சக்கரத்துக்கு உள்ளே சிவப்பு நிற ஸ்பிரிங்கைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: "ஸ்பிரிங் மாத்தியிருக்கீங்க சார். ஸ்டியரிங் கிளெய்ம் வராது." ராக் முழுவதையும் மாற்ற எஸ்டிமேட்டும் போட்டார், 34,000 ரூபாய்.

நான் சண்டை போடவில்லை. இங்கே பலர் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "என் பாகத்தால்தான் பழுது வந்தது என்று நீங்கள்தான் நிரூபிக்கணும்" என்று வாதாடுகிறார்கள். அது அங்கே 1975இல் வந்த மேக்னஸன்-மாஸ் வாரன்டி சட்டம். நம் ஊர் கவுன்டரில் அது செல்லாது. நமக்கு இருப்பது கையில் உள்ள வாரன்டி புத்தகமும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும்தான்.

அதனால் முந்தின இரவே புத்தகத்தை வரி வரியாகப் படித்திருந்தேன். பார்க்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். 'மாற்றம் செய்யப்பட்ட வாகனத்துக்கு வாரன்டி இல்லை' என்று இருக்கிறதா, 'மாற்றத்தால் ஏற்பட்ட பழுதுக்கு வாரன்டி இல்லை' என்று இருக்கிறதா? முதலாவது என்றால் வாதாட அதிகம் இடமில்லை. என்னுடையதில் இரண்டாவது. நீட்டிப்பு வாரன்டிக்குத் தனிப் புத்தகம் உண்டு, அதன் விதிகள் வேறாக இருக்கலாம் என்பதால் அதையும் பார்த்தேன். புஷ், ரப்பர் போன்றவற்றைத் தேய்மானம் என்று விலக்கியிருந்தார்கள். ஸ்டியரிங் ஷாஃப்ட் அந்த விலக்கில் இல்லை.

இரண்டே விஷயம் கேட்டேன். மறுப்பதாக இருந்தால் எந்த விதியின்படி, எந்தப் பாகம் எப்படிப் பழுதானது என்று ஜாப் கார்டில் (வேலை விவரம் எழுதும் தாளில்) எழுதித் தாருங்கள். அல்லது டெக்னீஷியனை என்னோடு பெடலுக்கு அடியில் ஐந்து நிமிடம் படுக்கச் சொல்லுங்கள். அட்வைசர் யோசித்துவிட்டு இரண்டாவதற்கு ஒப்புக்கொண்டார். டெக்னீஷியன் பையனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். ஷாஃப்ட்டைப் பிடித்ததும் அவனே, "இது ராக் இல்ல சார், யூ.ஜே." என்றான்.

ஆனாலும் ஸ்பிரிங் உறுத்திக்கொண்டே இருந்தது அவர்களுக்கு. அதில் நியாயமும் இருக்கிறது: கடினமான ஸ்பிரிங் குழியின் அடியைக் கூடுதலாக மேலே அனுப்பும். ஆகவே அடுத்த வாரம் பழைய ஸ்பிரிங்கையும் 15 அங்குலச் சக்கரத்தையும் திரும்பப் போட்டுக்கொண்டு போனேன். டொக் அதே இடத்தில், அதே அளவில் இருந்தது. மாற்றியதை மறைக்கவில்லை, 36,000இல் போட்டது, இப்போது கழற்றியது என்று ஜாப் கார்டில் என் கையாலேயே எழுதினேன். மறைத்துவிட்டுப் பிறகு தெரியவந்தால் அடுத்த கிளெய்மில் என் பேச்சை யாரும் நம்பமாட்டார்கள். கழற்றிய தடம் போல்ட் தலையில் எப்படியும் தெரியும்.

ஒன்பது நாளில் அனுமதி வந்தது. ஷாஃப்ட் மட்டும் மாற்றினார்கள், வாரன்டியில். மறுத்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்வதாக இருந்தேன். தேவைப்படவில்லை.

42,900 கி.மீ.

பழைய ஸ்பிரிங் வண்டியிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் அதைக் கண்டிப்பாகவே சொன்னது. ஸ்பிரிங் உயரம் ஆர்.சி.யில் இல்லைதான். ஆனால் விபத்து நடந்து இன்சூரன்ஸ்காரர் கேட்கும் நாளில் இந்த வாதத்தோடு நிற்க எனக்கு விருப்பமில்லை. அலாயை மட்டும் திரும்பப் போட்டு, இன்சூரன்ஸில் தெரிவித்துவிட்டேன்.

போன வாரம் மறுபடி வால்பாறை. நாற்பது வளைவிலும் டங் இல்லை, டொக் இல்லை. இடது பக்கம் முழுக்க ஒடிக்கும்போது மட்டும் 'ஸ்ஸ்' என்று லேசாக ஒன்று. டயரின் உள் ஓரம் லைனரில் உரசுகிறதோ என்று சந்தேகம். லைனரில் சாக்பீஸ் தடவி வைத்திருக்கிறேன். ஞாயிறு ஓட்டிவிட்டு, டயரில் வெள்ளை ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கணும்.