மயில் மீனுக்கு முன்னால் இரை மீன்: கோல ரொம்பினில் ஒரு பருவம்

மயில் மீன், அதாவது முதுகில் பாய் மாதிரித் துடுப்பும் நீண்ட அலகும் உள்ள செயில்ஃபிஷ், பிடிக்கப் போகிறேன் என்றால் கேட்கிறவர்கள் எல்லோரும் ராடு என்ன, ரீல் எந்தக் கம்பெனி என்றுதான் விசாரிக்கிறார்கள். படகில் இரை மீனை உயிரோடு வைக்கும் தொட்டி எத்தனை லிட்டர், அதில் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் மாறுகிறது என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. சொந்தப் படகில் ஒரு பருவம் முழுக்கப் போய் வந்தபின் சொல்கிறேன், முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

மலேசியாவில், பகாங் மாநிலத்தின் தென்பக்கம் ரொம்பின் ஆறு தென்சீனக் கடலில் சேரும் இடம் கோல ரொம்பின். சாப்பாட்டுக்காரர்களுக்கு அது ஆற்று இறால் ஊர், தூண்டில்காரர்களுக்கு லாயாரான் ஊர். மயில் மீனை மலாய்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். வேறு நாடுகளில் பலர் இந்த மீனைத் தேடிப் பெரிய படகில், ஆழம் சட்டென்று இறங்கும் விளிம்புவரை போகிறார்கள். எங்கள் பக்கக் கடல் தட்டையானது. நெத்திலிக் கூட்டத்தின் பின்னாலேயே மயில் மீனும் ஆழம் குறைந்த தண்ணீருக்கு வந்துவிடும். அதனால்தான் இருபதடி ஃபைபர் படகும் 115 குதிரைத்திறன் அவுட்போர்டும் வைத்திருக்கிற என்னைப் போன்றவனுக்கும் இதில் இடம் இருக்கிறது. நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் பிப்ரவரி வரை கடல் பக்கம் தலைகாட்ட முடியாது. மார்ச் முதல் அக்டோபர் வரை உள்ளதுதான் எங்கள் கணக்கு. குளுவாங்கிலிருந்து மெர்சிங் வழியாகப் படகை இழுத்துக்கொண்டு போவோம். கூட எப்போதும் மச்சான்தான்.

மார்ச், ஏப்ரல்

படகோடு வந்தது பின்னிருக்கைக்கு அடியில் ஒரு சதுரத் தொட்டி. இரைக்கு நாங்கள் வைக்கும் செலார் என்ற சின்ன மீனைப் போட்டால் ஒரு மணி நேரத்தில் பாதி மல்லாந்துவிடும், மீதிக்கு மூக்கு சிவந்திருக்கும். செலார் நிற்காமல் நீந்துகிற சாதி. மூலை இருந்தால் அங்கே போய் முட்டும், திரும்பும், மறுபடி முட்டும். அதைக் கழற்றிவிட்டு 150 லிட்டர் நீல நிற பிளாஸ்டிக் பீப்பாயைப் பாதுகாப்பாகப் பெல்ட் போட்டுக் கட்டினோம். தண்ணீர் உள்ளே வரும் குழாயை நேராக விடாமல் சுவரை ஒட்டிச் சாய்த்து வைத்ததும் தொட்டிக்குள் மெதுவாக ஒரு சுழற்சி உண்டானது. மீன்கள் எல்லாம் ஒரே திசையில் முகம் வைத்து நீந்த ஆரம்பித்தன. எங்களுக்கே பார்க்க நிம்மதியாக இருந்தது.

அப்புறம் பம்ப். பெட்டியில் மணிக்கு 3000 லிட்டர் என்று போட்டிருந்தது. குழாயின் வளைவு, உயரம் எல்லாம் கழிந்து உண்மையில் எவ்வளவு வருகிறது என்று பத்து லிட்டர் வாளியைப் பிடித்துப் பார்த்தோம். நிரம்ப 18 விநாடி ஆனது, அதாவது மணிக்கு 2000 லிட்டர். 150 லிட்டர் தொட்டிக்கு நாலரை நிமிடத்தில் தண்ணீர் முழுதும் மாறுகிறது. இதற்குக் குறைந்தால் எங்கள் கடலில் தாங்காது. காரணம் வெப்பம். 20 டிகிரி கடல்நீரில் லிட்டருக்கு ஏழு மில்லிகிராமுக்கு மேல் கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் ஆறை ஒட்டித்தான் இருக்கும். குளிர்கடல்காரர்கள் சொல்லும் அளவுகளை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மீன் கணக்கும் இதோடு சேர்ந்ததுதான். ஒரு சாண் நீள மீனுக்கு நாலைந்து லிட்டர் வேண்டும். முப்பதுக்கு மேல் ஆசைப்பட்டால் முப்பதும் போய்விடும்.

இன்னொன்று, ஆற்றுத் தண்ணீர். ஜெட்டியிலிருந்து, அதாவது படகுத்துறையிலிருந்து, கழிமுகம் தாண்டும்வரை தேநீர் நிறத்தில் வரும் தண்ணீரில் உப்பு குறைவு, மழை பெய்திருந்தால் இன்னும் மோசம். உள்ளிழுக்கும் வால்வை மூடியே வைத்து, நிறம் மாறிக் கடல்நீர் வந்த பிறகுதான் தொட்டியை நிரப்புகிறோம். இதற்காகவே சிவப்புக் கைப்பிடி போட்ட வால்வு ஒன்றை ஓட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

மே

இரை பிடிப்பது உஞ்சாமில். நீளக் கயிற்றில் தென்னை ஓலைகளைக் கட்டி, அடியில் பாரம் வைத்து, மேலே மிதவை போட்டு மீனவர்கள் நட்டிருப்பார்கள். ஓலை நிழலுக்குச் சின்ன மீன் கூடும். அது அவர்கள் காசு போட்டு வைத்தது. படகை அதில் கட்டுவதில்லை, மீனவர் படகு வந்தால் நகர்ந்துவிடுகிறோம். ஜெட்டியில் பழக்கமான வயதான தேக்கோங் (படகோட்டி) ஒருவர், நாங்கள் பாக் சிக் என்று கூப்பிடுகிறவர், முதல் நாளே சொன்னது இதைத்தான். படகு ஓட்டுவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்போலோ தூண்டிலில் இறகு கட்டிய சின்னக் கொக்கிகள் வரிசையாக இருக்கும், அடியில் ஈயம். ஓலைக்கு நீரோட்டத்தின் மேல்பக்கத்தில் இறக்கி, ஆட்டாமல் விட்டால் போதும். ஒன்று மாட்டியதும் சுற்றிவிடாமல் கொஞ்சம் பொறுத்தால் அது துடிக்கிற துடிப்பில் மற்ற கொக்கிகளிலும் ஏறும். இதற்கடுத்த ஐந்து விநாடிதான் எனக்கு முக்கியம். கையால் பிடித்தால் செதில் உதிரும், செதில் உதிர்ந்த செலார் தொட்டியில் மதியம்வரை தாங்காது. வளைத்த கம்பி ஒன்றைக் கொக்கியின் வளைவில் மாட்டித் தலைகீழாகத் திருப்பினால் மீன் தானாகத் தொட்டிக்குள் விழும். கை படவே வேண்டாம். மச்சானுக்கு இது என்னைவிட நன்றாக வருகிறது, அந்த வேலையை அவனுக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கெம்போங்கும் கிடைக்கும், ஊரில் கானாங்கெளுத்தி என்போமே அதே சாதி. மயில் மீனுக்கு அதுவும் பிடித்த இரைதான், ஆனால் தொட்டியில் செலார் அளவுக்கு உயிர் தாங்குவதில்லை. கெம்போங் இருந்தால் முதலில் அதைச் செலவழித்துவிட்டு, செலாரைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்கிறோம்.

ஜூன், ஜூலை

கொக்கி போடுவதில் மூன்று விதம் பார்த்தோம். முதுகுத் துடுப்புக்கு முன்னால் குத்தினால் மீன் கீழ்நோக்கி நீந்தும், பலூன் மிதவைக்கு அடியில் விட இது சரி. மூக்கில் குத்தினால் படகு மிதந்து போகும்போது பின்னாலேயே இயல்பாக வரும், ஆனால் பத்து நிமிடத்தில் சதை கிழிந்து கொக்கி தளர்ந்துவிடுகிறது. மூன்றாவது ரப்பர் வளையம். இரு கண்களுக்கும் முன்னால் உள்ள மெல்லிய பகுதியில் குரோஷே ஊசியைச் செருகி, சின்ன ரப்பர் வளையத்தை இழுத்து, கொக்கியில் மாட்டி இரண்டு முறுக்கு. முறுக்குக்கு அடியில் கொக்கி முனையை நுழைத்தால் முடிந்தது. கொக்கி மீனின் சதையில் இல்லாமல் தலைக்கு வெளியே முழுதாக நிற்கிறது. இரையும் நீண்ட நேரம் உயிரோடு இருக்கிறது. இப்போது எங்கள் படகில் இது மட்டும்தான்.

கொக்கி வெளியே நிற்பது வேறொரு காரணத்துக்காகவும் வேண்டும். நாங்கள் பயன்படுத்துவது முனை பக்கவாட்டில் சாயாத வட்டக் கொக்கி, 7/0 அளவு. வாய்க்குள் போய்த் திரும்பி வரும்போது தாடை ஓரத்தில் மாட்டும், குடலில் குத்துவது அரிது. விட்டுவிடப் போகிற மீனுக்கு அதுதான் உயிர். அமெரிக்காவின் அட்லாண்டிக் பக்கம் நடக்கும் மார்லின், மயில் மீன் போட்டிகளில் இயற்கை இரை போட்டால் இந்த வகைக் கொக்கிதான் என்று 2008 முதல் விதியே இருக்கிறது. இங்கே என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் பழைய ஜே வடிவக் கொக்கியை இந்த மீனுக்குப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இந்த இரண்டு மாதமும் தெங்கிரிதான் (ஊரில் வஞ்சிரம் என்போமே, அந்தச் சாதி) தொல்லை. இரை மீனை இடுப்பில் கத்தி வைத்தது மாதிரி வெட்டிவிட்டுத் தலையை மட்டும் திருப்பி அனுப்பும். கொக்கிக்கும் பிரதான நூலுக்கும் நடுவே கட்டும் லீடரைக் கம்பியில் போட்டால் தெங்கிரி மாட்டும், மயில் மீன் விலகிப் போகும். நைலான் லீடரிலேயே இருந்துவிட்டோம், 60 பவுண்டு. பிரதான நூல் 30 பவுண்டு பின்னல் நூல். சொரசொரப்பான அலகு உரசி நைந்திருக்கிறதா என்று லீடரை விரலால் தடவிப் பார்த்து மாற்றுவது மட்டும் வழக்கமாகிவிட்டது.

ஆகஸ்ட்

ஆலாப் பறவைகள் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எழுகிற இடத்தைத் தேடிப் போவதுதான் இந்த மாதத்து வேலை. கிட்டே போனதும் இன்ஜினை அணைத்துவிட வேண்டும். நெத்திலிக் கூட்டத்துக்கு நடுவே படகை ஓட்டிக்கொண்டு போகிற ஆட்களும் உண்டு. அப்புறம் மீன் இல்லை என்று புலம்புவார்கள். நீரோட்டத்துக்கு மேலே போய் நின்று மிதந்து வந்தால் போதும். பலூன் கட்டிய இரை இரண்டு, ஒன்று தூரத்தில், ஒன்று பாதித் தூரத்தில். மூன்றாவது ராடு கையில், இரையோடு தயாராக.

மயில் மீன் வந்தால் முதலில் தெரிவது இரை மீனின் நடத்தை. அமைதியாக இருந்த பலூன் வெடுக்வெடுக்கென்று ஆடும், செலார் மேற்பரப்புக்கு வந்து ஓடப் பார்க்கும். பின்னால் உடம்பில் நீலக் கோடுகள் பளிச்சென்று எரிய மீன் தெரியும், முதுகுப் பாய் பாதி விரிந்திருக்கும். முதல் அடி அலகால் அடிப்பது, தின்பது அல்ல. கூட்டமாக வேட்டையாடும்போதும் அலகால் வெட்டிக் காயப்படுத்திவிட்டுத்தான் எடுக்கும். அதனால் பாக் சிக் சொன்ன “சபார், சபார்” (பொறுமை, பொறுமை) என்பதைத்தான் நாங்களும் முணுமுணுக்கிறோம். ரீலின் கம்பியைத் திறந்து நூலை விரலில் விட்டு, ஐந்துவரை எண்ணி, மூடி, நூல் இறுகும்வரை சும்மா இருக்க வேண்டும். ராடை வெட்டி இழுக்கவே கூடாது. வட்டக் கொக்கி தன் வேலையைத் தானே செய்துகொள்ளும். ஆற்றில் கெளுத்தி பிடித்துப் பழகிய கைக்கு இது பெரிய சோதனை.

மாட்டியதும் ரீல் கத்துகிற கத்தலில், இந்த மீன் மணிக்கு 110 கிலோமீட்டர் போகும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பதை நம்பத்தான் தோன்றும். அந்தக் கணக்கு புளோரிடாவில் முன்னொரு காலத்தில் ரீலிலிருந்து நூல் ஓடியதை நேரம் பார்த்துச் சொன்னது. 2015இல் வெளியான ஆய்வில், இரையைத் துரத்தும் மயில் மீன்களைக் கேமராவாலும் உடம்பில் பொருத்திய கருவியாலும் அளந்தபோது வேகம் விநாடிக்குப் பத்து மீட்டரைக்கூட எட்டவில்லை. மணிக்கு 36 கிலோமீட்டருக்கும் கீழே. கையில் ராடோடு நிற்கும்போது அதுவே தாராளம்.

எங்களுக்கு வந்தது தோராயமாக முப்பது கிலோ. நூல் ஓடாமல் ரீல் இறுக்கும் பிடிப்பை மூன்றரை கிலோவில் வைத்திருந்தேன். அது குதிக்கும்போதெல்லாம் ராடைத் தாழ்த்தி நூலைத் தளர்த்தினேன், மச்சான் படகை அதன் பக்கமாகவே ஓட்டினான். சின்னப் படகின் பெரிய லாபம் இது. மீன் நூலை இழுத்துக்கொண்டு போகிறதே என்று பதற வேண்டியதில்லை, நாமே பின்னால் போய்விடலாம். அரை மணிக்குள் படகோரம் வந்துவிட்டது. நீண்ட நேரம் இழுத்தடித்துக் களைக்க வைத்தால் விட்ட பிறகு பிழைக்காது.

படகுக்குள் ஏற்றவில்லை. அலகு மணல் தாள் மாதிரி கையை அறுக்கும் என்பதால் ஈரக் கையுறை, இரண்டு கைகளாலும் பிடி, கட்டைவிரல்கள் ஒன்றையொன்று பார்த்தபடி. திடீரென்று துள்ளினால் அந்தப் பிடியில்தான் தள்ளிவிட முடியும், முகத்துக்கு நேராக அலகு வராது. கொக்கி தாடை மூலையில் இருந்தது, இடுக்கியால் கழன்றது. மச்சான் கியரைப் போட்டு மெதுவாக முன்னால் நகர்த்தினான். வாய் வழியாகத் தண்ணீர் ஓடியது, கறுத்துப் போயிருந்த உடம்பில் நிறம் திரும்பியது. அது வாலை வெடுக்கென்று அசைத்ததும் விட்டேன். போட்டோ கலங்கலாகத்தான் வந்திருக்கிறது.

செப்டம்பர், அக்டோபர்

பிற்பகல் இடிமழை அதிகமாகிவிட்டது. பதினொரு மணிக்குள் திரும்பிவிடுகிறோம். எத்தனை மணிக்கு வருவோம் என்று ஜெட்டிக் கடையில் சொல்லிவிட்டுப் போவதும் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாமல் இருப்பதும் இரண்டு பேர் மட்டும் போகும் படகில் பேச்சுக்கு இடமில்லாத விஷயங்கள். மீன் வந்தது, சில விட்டுப் போயின, எழுதும்படி புதிதாக ஒன்றும் இல்லை.

வேகமாக ஓடும்போது பம்ப்பின் வாய்க்குள் காற்று புகுந்து தண்ணீர் நின்றுவிடுவதுதான் இன்னும் தீராத பிரச்சினை. இடத்துக்குப் போய்ச் சேரும் முக்கால் மணி நேரத்தில் இரை களைத்துவிடுகிறது. உள்ளிழுக்கும் வாயைப் படகின் அடிப்பக்கத்தில் இன்னும் தாழ்வாக, முன்னோக்கித் திறந்த மூடியோடு மாற்றப் போகிறேன். இரண்டாவது பம்ப் ஒன்று, அதற்குத் தனி சுவிட்ச். பட்டம் பறக்கவிட்டு அதன் நூலில் இரையைத் தொங்கவிடும் முறையை மச்சான் வீடியோவில் பார்த்துவிட்டு நச்சரிக்கிறான். இரண்டு பேரில் ஒருவர் பட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் படகை யார் பார்ப்பது என்று கேட்டிருக்கிறேன். பம்ப் வேலை முடியட்டும், மார்ச்சில் பேசிக்கொள்ளலாம்.