வீட்டில் கேட்டு வா

நம் பள்ளியின் பழைய மாணவர்கள் வெளிநாட்டில் நடத்தும் நம் சங்கத்தின் மலரை ஆண்டுதோறும் படிக்கும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். எழுதுகிறவர்கள் எல்லாரும் பத்தாம் வகுப்பையும், விளையாட்டு விழாவையும், பிரம்போடு வராந்தாவில் நடந்த கணக்கு வாத்தியாரையும் நினைவுகூர்கிறார்களே தவிர, பின்பக்கம் ஓட்டுக் கூரையின்கீழ்த் தட்டி வைத்துப் பிரிக்கப்பட்டிருந்த ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. நமக்கு எழுத்தும் எண்ணும் வந்த இடம் அதுதான். அங்கே நடந்தவற்றையும், அவற்றில் நம் வீட்டாருக்கு இருந்த பங்கையும் எழுதும்படி மலர்க் குழுவினர் கேட்டபோது உடனே ஒப்புக்கொண்டேன். நன்றாகப் படித்து நல்ல வேலையில் இருக்கும் நம் உறுப்பினர்கள் பலர், தம் பிள்ளைகளின் படிப்புக்கு வீட்டில் எப்படித் துணை நிற்பது என்று தெரியாமல் தடுமாறுவதைப் பார்த்து வருவதும் அதற்கு ஒரு காரணம்.

நான் சேர்ந்தது 1979 ஜூன் மாதம். தலைக்கு மேலாகக் கையை வளைத்துக் காதைத் தொட்டுவிட்டால் வயது நிறைந்துவிட்டது என்று எழுதிக்கொண்ட காலம் அது. சென்னையின் ஓட்டேரியிலும் பட்டாளத்திலும் இருந்து வந்த எங்களில் பாதிப் பேரின் தந்தையர் பின்னி துணி ஆலையில் ஷிப்டு முறையில் வேலை பார்த்தவர்கள். தாய்மாரில் பலர் பூக்கட்டியோ, வாசலில் இட்லி சுட்டு விற்றோ, வீட்டு வேலை செய்தோ சம்பாதித்தார்கள். கைநாட்டு வைப்பவர்களும் அவர்களுள் இருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பாடம் சொல்லித்தரக்கூடிய பெற்றோர் ஒரு சில வீடுகளில்தான் உண்டு என்பது எங்கள் முதல் வகுப்பு டீச்சருக்கு நன்றாகத் தெரியும். ஆகவே அவர் கொடுத்த வீட்டுப்பாடம் பெரும்பாலும் எழுத்தில் இருக்காது. மாலை மணி அடிப்பதற்கு முன் எல்லாரையும் எழுந்து நிற்கச் செய்து, ஒரு கேள்வியைச் சொல்லி, "வீட்டில் கேட்டு வா" என்று அனுப்பிவிடுவார்.

உனக்குப் பெயர் வைத்தவர் யார், ஏன் அந்தப் பெயர்? உங்கள் வீட்டிலிருந்து பட்டணத்துக்கு முதலில் வந்தவர் யார்? சாம்பாரில் புளியை எப்போது கரைத்து ஊற்றுவார்கள்? ஒரு முழம் பூவுக்கு எத்தனை விரற்கடை? இப்படிப்பட்ட கேள்விகள்தாம். இவற்றுக்குப் பதில் சொல்ல யாருக்கும் பள்ளிப் படிப்பு வேண்டியதில்லை. ஆனால் பிள்ளை வீட்டுக்குப் போனதும் யாரோ ஒருவர் கைவேலையை நிறுத்தாமலேனும் அதனோடு பேசியாக வேண்டும். மறுநாள் காலையில் ஒவ்வொருவரும் எழுந்து பதிலைச் சொல்வோம். அவற்றுள் ஒன்றை டீச்சர் கரும்பலகையில் எழுதுவார்; அன்றைய வாசிப்புப் பாடம் அதுவே. ஒருநாள் என் பக்கத்தில் அமர்ந்திருந்த பெண், "எங்க ஆயா செங்கல்பட்டுலேர்ந்து வண்டி கட்டிக்கினு வந்துச்சு டீச்சர்" என்றாள். வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "நல்ல சேதி சொன்னாய், இதை எழுதும்போது இப்படி எழுதுவோம்" என்று சொல்லி, 'என் ஆயா செங்கல்பட்டிலிருந்து மாட்டு வண்டியில் வந்தார்' என்று எழுதி, ஒவ்வொரு சொல்லின் அடியிலும் கோலை நகர்த்தி அவளையே படிக்கச் சொன்னார். பொருள் முன்பே தெரிந்த வாக்கியம் ஆகையால் அவள் கண் எழுத்தின் வடிவத்தை மட்டும் பின்தொடர்ந்தால் போதுமாயிருந்தது. வீட்டில் பேசும் பேச்சு மட்டமானது என்ற எண்ணம் மனத்தில் விழாமலே எழுத்துத் தமிழுக்குள் நாங்கள் நுழைந்தோம் என்றால் அது இந்த முறையால்தான் என்பது என் முடிவு.

எழுத்துகளை அவர் அகர வரிசையில் தொடங்கவில்லை. ட, ப, ம என்று கோடு எளிதாக விழும் எழுத்துகளை முதலில் மணலில் விரலால் எழுதி, பிறகு புளியங்கொட்டையை அவற்றின் மேல் வரிசையாக அடுக்கி, கடைசியில்தான் சிலேட்டில் பலப்பத்தால் எழுத விடுவார். படம், பட்டம், மடம் எனச் சொற்கள் முதல் மாதத்திலேயே கைக்கு வந்துவிடும். அ, ஆ வரிசை தெரியாமல் பிள்ளை படிக்கிறதே என்று கவலைப்பட்ட தாய்மாரிடம், வரிசையை வீட்டில் பாட்டாகச் சொல்லிக்கொடுங்கள், அதை நான் தடுக்கவில்லை என்பார்.

கணக்கில் ஈர்க்குச்சிகள். வீட்டுத் துடைப்பத்திலிருந்து உருவிய குச்சிகளை ஒரே அளவாக ஒடித்து, பத்துப் பத்தாகச் சேர்த்து, சைக்கிள் டியூபை வளையமாக நறுக்கிக் கட்டி வைத்திருப்போம். முப்பத்திரண்டிலிருந்து பதினேழைக் கழிக்க வேண்டும். கையில் மூன்று கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் உள்ளன. ஏழு குச்சி கொடு என்று எதிரில் இருப்பவன் கேட்கிறான், இரண்டுதான் இருக்கிறது. சற்று நேரம் விழித்த பிறகு ஒரு கட்டை அவிழ்க்கிறோம். உதிரி பன்னிரண்டாகிறது, ஏழைக் கொடுத்தால் ஐந்து மிச்சம், ஒரு கட்டைக் கொடுத்தால் இன்னொன்று மிச்சம், ஆகப் பதினைந்து. 'கடன் வாங்கிக் கழித்தல்' என்ற பெயரைப் பல நாள் கழித்துத்தான் டீச்சர் சொன்னார். அதற்குள் அது எங்கள் விரல்களுக்குத் தெரிந்திருந்தது. என் அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஒரு மாலை நான் குச்சிகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவர் சொன்னது, "கட்டை ஏன் அவிழ்த்தாய், எனக்குச் சொல்லு" என்பது மட்டுமே. நான் சொல்லச் சொல்ல, எங்கே தெளிவில்லையோ அங்கே குரல் தானாகத் தடுமாறியது. மறுநாள் டீச்சரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது எனக்கே தெரிந்துவிட்டது. கல்வி உளவியலில் இதற்குப் பெரிய பெயர்கள் இருக்கின்றன. அம்மாவுக்கு அது அடுப்படிப் பேச்சு.

அளவைப் பாடத்தில் புத்தகம் லிட்டர் என்றது, வீடு படி என்றது. மூன்றாம் வகுப்புச் சார் வீட்டிலுள்ள படியையும் ஆழாக்கையும் கேட்டு வாங்கி வரச் சொல்லி, லிட்டர் குவளையை நடுவில் வைத்து, முற்றத்து மணலை அள்ளி அள்ளி அளக்க விட்டார். எட்டு ஆழாக்கு ஒரு படி என்பதும், ஒரு படி ஒரு லிட்டரைவிடப் பெரியது என்பதும் அன்று முடிவாயின. ஆழாக்கைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவரவில்லை என்று யார் வீட்டில் யார் அடி வாங்கினார் என்ற விவரம் இங்கே வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விட ஆழமாக நினைவில் நிற்பது எழுத்துச் சீர்திருத்தம் வந்த சமயம். தந்தை பெரியார் நெடுங்காலமாக வலியுறுத்தியும், தம் ஏடுகளில் கையாண்டும் வந்த மாற்றங்களில் ஒரு பகுதியைத் தமிழக அரசு 1978-இல் ஏற்று ஆணையிட்டது. ணா, றா, னா ஆகியவையும், அவற்றின் ஒகர, ஓகார வடிவங்களும், ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் எனப் பதின்மூன்று எழுத்துகள் புதிய வடிவம் பெற்றன. எங்கள் பாடநூலில் புதிய வடிவம். வீட்டில் இருந்தவர்களுக்கோ கையில் வந்தது பழையது. யானை என்று அம்மா என் சிலேட்டில் எழுதிக் காட்டியபோது, அவருடைய னை முன்பக்கம் ஒரே இழுப்பில் சுழித்து மேலேறும் பழைய எழுத்தாக இருந்தது. இது தப்பு என்று நான் எச்சில் தொட்டு அழித்துவிட்டேன். அதன் பிறகு அம்மா சில நாள் என் சிலேட்டைத் தொடவே இல்லை. ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இதே கதை நடந்திருக்க வேண்டும், தாய்மார் இரண்டொருவர் பள்ளி வாசலில் நின்று, "எங்க எழுத்தே தப்புன்னு சொல்லுது டீச்சரம்மா, நாங்க என்னாத்த சொல்லிக் குடுக்கிறது?" என்று கேட்டதை நான் என் காதாலேயே கேட்டேன்.

டீச்சர் மறுநாள் இரண்டு வடிவங்களையும் பலகையில் பக்கத்துக்குப் பக்கம் எழுதினார். இரண்டும் சரியானவை, ஒன்று அம்மாவின் எழுத்து, மற்றது நம் புத்தகத்தின் எழுத்து, தேர்வில் புத்தக எழுத்தை எழுத வேண்டும், அம்மாவின் எழுத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றார். பிறகு பழைய எழுத்துகள் எங்கெல்லாம் இருக்கின்றன என்று வீட்டில் கேட்டு வரச் சொன்னார். அந்த வாரம் முழுவதும் ஓட்டேரியில் வேட்டைதான். மளிகைக் கடைப் பொட்டலக் காகிதம், பாட்டியின் பஞ்சாங்கம், பழைய கல்யாணப் பத்திரிகை, கடைப் பலகை என்று கண்ணில் பட்டதையெல்லாம் பெற்றோரிடம் காட்டி, இது என்ன எழுத்து என்று கேட்டோம். படித்துச் சொல்லும் உரிமை அவர்களுக்குத் திரும்பியது. பெற்றோரின் அறிவு பழையதாகிவிட்டது என்று பிள்ளை எண்ணத் தொடங்கும் இடத்தில் ஓர் ஆசிரியர் எவ்வளவு நுட்பமாகத் தலையிட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மனப்பாடத்தை இன்று பலர் பழிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பதினாறாம் வாய்ப்பாட்டை மாலையில் கூட்டமாகச் சொன்னதால் எங்கள் மூளை மழுங்கிவிடவில்லை. குச்சிக் கட்டு முதலிலும் வாய்ப்பாடு பின்னாலும் வந்ததால் சொல்வது இன்னதென்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த வரிசையைத் தலைகீழாக்கும் வீடுகள்தாம் பிள்ளைகளை அழவைத்தன.

பிற்காலத்தில் ஊருக்குப் போனபோது வகுப்பறையே மாறியிருந்தது. ஆந்திராவிலுள்ள ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளிகளின் முறையைத் தழுவி, அப்போதைய மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமாரின் முயற்சியால் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-இல் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. ஆசிரியர் பாயில் பிள்ளைகளோடு அமர்ந்திருந்தார். கற்க வேண்டியவற்றைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படத்தைப் பார்த்துத் தனக்குரிய பாட அட்டையைத் தட்டிலிருந்து பிள்ளையே எடுத்தது. எட்டும் உயரத்தில் சுவரோடு கரும்பலகை இருந்தது. வருகையைப் பிள்ளை தானே பதிந்தது. ஒருவர் வேகம் ஒருவருக்கு இடையூறாகாத அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் வாசலில் நின்ற பெற்றோரில் சிலர், பையில் புத்தகம் இல்லை, வீட்டுப்பாடம் இல்லை, பிள்ளை என்ன படிக்கிறது என்றே தெரியவில்லை என்று குறைப்பட்டார்கள். அட்டை பள்ளியிலேயே தங்கிவிட்டதால் வீட்டுக்கு எடுத்துச் செல்ல ஒன்றும் இல்லாமல் போனதுதான் அந்தக் குறையின் வேர் என்று எனக்குப் பட்டது. கொரோனாக் காலத்து இடைவெளியை அடைக்க 2021-இல் தொடங்கிய, தன்னார்வலர்கள் பிள்ளைகளின் வீட்டருகே கற்பித்த இல்லம் தேடிக் கல்வியும், 2022-இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் வேறு வழிகளில் அதே பிள்ளைகளை நோக்கி வந்தவை. பிள்ளைகள் கற்றிருக்கும் அளவைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிப்பது நல்லதே. தன் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்பதோடு பெற்றோர் நிற்காமல், இன்று என்ன செய்தாய், எனக்குச் செய்து காட்டு என்று கேட்டால் இன்னும் நல்லது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு கூட்டத்துக்குப் போகிறவர்கள் இன்னும் குறைவு.

இங்கே வெளிநாட்டில் நம் நிலை வேறு. நமக்குப் படிப்பு இருக்கிறது. அதுவே இடைஞ்சலாகவும் ஆகிவிடுகிறது. பிள்ளை ஒரு வரியைத் திக்கித் திக்கிப் படிக்கும்போது அடுத்த சொல்லை நாமே சொல்லிவிடுகிறோம். பிள்ளை மனத்துக்குள் எழுத்தைக் கூட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சில நொடிகளைப் பொறுத்திருப்பது, பத்துத் தாள் பயிற்சி செய்ய வைப்பதைவிடப் பயன் தரும். கடைக்குப் போகும் பட்டியலைப் பிள்ளையையே தமிழில் எழுதச் சொல்லலாம். கொத்தமல்லியில் ல்லி தவறினாலும் கடையில் கொத்தமல்லி கிடைக்கும், திருத்தத்தை வீட்டுக்கு வந்து வைத்துக்கொள்ளலாம். உறங்கப் போகும் முன் கால் மணி நேரம் கதை படித்துக் காட்டுவதை, பிள்ளை தானே படிக்கக் கற்றுவிட்டது என்பதற்காக நிறுத்த வேண்டியதில்லை.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சென்ற பருவம் முதல் நாங்கள் 'வீட்டில் கேட்டு வா' முறையைத் தொடங்கியிருக்கிறோம். முதல் கேள்வி, உன் அப்பாவோ அம்மாவோ முதல் வகுப்பில் யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்பது. பல வீடுகளில் அதைக் கேட்டதும் பெற்றோருக்கே நினைவு வரவில்லையாம். சென்னையிலிருக்கும் தாத்தா பாட்டிக்குத் தொலைபேசியில் பேசி விசாரித்திருக்கிறார்கள், பேச்சு முக்கால் மணி நேரம் நீண்டிருக்கிறது, பிள்ளை நடுவில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறது. பதிலை ஒரே வாக்கியமாக எழுதி வரச் சொல்லியிருந்தோம். வந்த தாள்களில் சில, சந்திப்பிழை ஒன்றுகூட இல்லாமல், வளர்ந்தவர் கையெழுத்தில் இருந்தன. அவற்றைப் பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறோம். சம்பந்தப்பட்ட பெற்றோர் அடுத்த வாரத்துக்குள் எழுதுகோலைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.