கையெழுத்து யாருடையது?

உயர்தரப் பரீட்சையில் அரசியல் விஞ்ஞானத்துக்கு முதல் தடவை எனக்குக் கிடைத்தது ‘எஸ்’, அதாவது வெறும் சாதாரண சித்தி. நீதித்துறை வினாவில்தான் சறுக்கினேன். இரவல் வாங்கிய இந்தியக் கைந்நூலை நம்பி, நம் உயர் நீதிமன்றத்துக்கு மேலே ‘உச்ச நீதிமன்றம்’ ஒன்றையும் கட்டிவிட்டேன். இலங்கையில் உயர் நீதிமன்றம்தான் உச்சி. அதற்குக் கீழே மேன்முறையீட்டு நீதிமன்றம், அதற்கும் கீழே மேல் நீதிமன்றம். பெயர் வைத்தவர்கள் மாணவர்களை நினைத்திருக்கமாட்டார்கள்!

இரண்டாம் தடவை கல்லடியில் மாமா வீட்டில் தங்கிப் படித்தேன். மாமா நீதிமன்ற முதலியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சாட்சியத்தை மொழிபெயர்ப்பவரை இன்னும் முதலியார் என்றுதான் சொல்கிறார்கள். நீதிபதிகள், நீதிமன்ற அலுவலர்களின் நியமனம், இடமாற்றங்களைப் பார்க்கும் நீதிச்சேவை ஆணைக்குழுவின் அதிகாரங்களை நான் உரத்துப் பாடமாக்குவதைச் சகிக்காமல், ஒரு பழைய கோப்பைக் கொண்டுவந்து மேசையில் போட்டார்.

“பாடமாக்காதே மகள், கையெழுத்தைப் பார்.”

அவருடைய நியமனக் கடிதத்திலும் இடமாற்றக் கடிதங்களிலும் ஆணைக்குழுச் செயலாளரின் கையெழுத்து. அலுமாரி கேட்டு எழுதிய கடிதத்தின் பிரதி மட்டும் நீதி அமைச்சுக்கு முகவரியிடப்பட்டிருந்தது. ஆள் விடயம் ஆணைக்குழுவிடம், பொருள் விடயம் அமைச்சிடம்.

அன்றிரவே நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் கோடு போட்டேன். பிரதம நீதியரசரும் உயர் நீதிமன்ற நீதியரசர் இருவரும் கொண்டது ஆணைக்குழு. நீதவான், மாவட்ட நீதிபதி, பதிவாளர், முதலியார் ஆகியோரின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று எல்லாம் அதன் கையில். உயர் நீதிமன்ற நீதியரசர்களை ஜனாதிபதி நியமிக்கிறார். அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேண்டும். பலர் விழுவது மேல் நீதிமன்ற நீதிபதியிடம்தான்: ஆணைக்குழு சிபாரிசு செய்ய, நியமிப்பவர் ஜனாதிபதி, ஆனால் இடமாற்றம் செய்வது ஆணைக்குழு. இந்த ஒரு வரியை எழுதினால் விடைத்தாள் திருத்துபவர் உங்களைக் கவனிப்பார்.

வரலாற்றுக்கு மூன்று ஆண்டுகள் போதும். 1947இல் ஆணைக்குழு வந்தது. 1972இல் ஆலோசனைச் சபை, ஒழுக்காற்றுச் சபை என இரண்டாக உடைந்து நியமனம் அமைச்சரவைக்குப் போனது. 1978இல் ஆணைக்குழு திரும்பி வந்தது.

பழைய டியூட்டரிகளில், அதாவது டியூஷன் குறிப்புகளில், கவனம் தேவை. ‘பாராளுமன்றப் பேரவை’ என்று இருந்தால் அது அரசியலமைப்புப் பேரவைக்குப் பதிலாக 2010இல் 18ஆம் திருத்தத்திலும் 2020இல் 20ஆம் திருத்தத்திலும் வந்தது. 2022இன் 21ஆம் திருத்தம் அரசியலமைப்புப் பேரவையை மீட்டது. பாராளுமன்ற இணையத்தளத்தில் அரசியலமைப்பு தமிழில் இலவசமாகவே கிடைக்கிறது. 107ஆம் உறுப்புரையிலிருந்து அச்செடுங்கள்.