புத்தகத்தை மூடிட்டு சொல்லு

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு சாயங்காலமானால் பத்துப் பதினைந்து பிள்ளைகள் படிக்க வருவார்கள். சத்தத்தை மட்டும் கேட்டால் எல்லாருமே நூற்றுக்கு நூறுதான், அப்படி ராகம் போட்டுப் படிப்பார்கள். காசிமேட்டுப் பையன் ஒருவன், பத்தாவது அறிவியல் முதல் பாடம் 'இயக்க விதிகள்', ஒரே பக்கத்தை ஏழெட்டு முறை கத்திவிட்டு "முடிச்சிட்டேன்க்கா" என்றான். புத்தகத்தை வாங்கி மூடினேன். சரி, சொல்லு. நிலைமம் வரைக்கும் வந்தது, அப்புறம் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

திட்டவில்லை. நானும் அப்படிப் படித்தவள்தானே.

2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஒரு குழு பாடத்தை நான்கு முறை படித்தது. இன்னொன்று ஒரே முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பத் திரும்பப் படித்தவர்களே கெட்டி (நம்மை ஏமாற்றுவதே இந்த ஐந்து நிமிடம்தான்). ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவிருந்தது 40 சதவீதம், மற்றவர்களுக்கு 61.

அந்தப் பையனின் அம்மா மீன் விற்கிறார். கடனுக்கு நோட்டே கிடையாது, ராத்திரி பாத்திரம் கழுவும்போது யார் வீட்டுக்கு என்ன மீன், எவ்வளவு பாக்கி என்று வாய்க்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பாராம், மறுநாள் விடியற்காலையில் இன்னொரு சுற்று. ஒரு ரூபாய் தப்பாது. உங்க அம்மா மாதிரி பண்ணுடா என்றேன். இப்போது தினமும் புத்தகத்தை மூடிவிட்டு அவரிடமே பாடம் சொல்கிறான், சிக்கின இடத்தை மட்டும் திறந்து பார்க்கிறான், மூன்று நாள் கழித்து அதே பாடத்தைத் திரும்பவும் சொல்கிறான்.

நாலு மணிக்கு எழுந்து படி என்று மட்டும் அவனிடம் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்துக்கு நடுராத்திரியே எழுந்துகொள்ளும் வீடு அது, தூங்குகிற பிள்ளை தூங்கட்டும், தூக்கத்தில்தான் படித்தது படிகிறது.

நேற்று மூன்றாம் விதி. வினையும் எதிர்வினையும் சமம்னா துடுப்பு போட்டா படகு மட்டும் இன்னாத்துக்குடா முன்னாடி போவுது என்று அம்மா கேட்டாராம். மாடிப்படியில் நின்றபடி என்னிடம் கேட்டான், நான் வாயைத் திறப்பதற்குள் அவனே, "தண்ணியும் பின்னாடி போவுதுல்லக்கா!"